காப்பீட்டு அட்டைக்கு வருமானம் அதிகமாம், இ.எஸ்.ஐ.யும் இல்லை. மனைவி ஆபரேஷனுக்கு என்ன வழி?

ஓவர்லாக்_திருப்பூர்

வணக்கம். திருப்பூரில் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் டெய்லராக இருக்கிறேன், மனைவி வேறொரு இடத்தில் செக்கிங் வேலைக்குப் போகிறாள். இரண்டு பேருக்கும் வாரச் சம்பளம். ஆர்டர் ஓடுகிற மாதத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து 25,000 வரை வரும், டல் சீசனில் பாதி வந்தாலே பெரிது. எங்கள் யூனிட்டில் 7 பேர்தான், அதனால் இ.எஸ்.ஐ. (சம்பளத்தில் பிடித்துக் கட்டும் தொழிலாளர் அரசுக் காப்பீடு) கிடையாது என்கிறார் ஓனர். மனைவி போகும் இடத்தில் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள், அங்கேயும் பிடிப்பதில்லை.

மனைவிக்குப் பித்தப்பையில் கல். சாப்பிட்டால் வலி வந்து வந்து போகிறது, ஸ்கேன் பார்த்த டாக்டர் ஆபரேஷன் பண்ணிவிடுவது நல்லது என்றார். தனியாரில் 70,000 சொல்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்கலாம் என்று விசாரித்தால் குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டுமாம். மாதம் 10,000-க்குள் திருப்பூரில் வாடகை கொடுத்து எந்தக் குடும்பம் இருக்கிறது என்று தெரியவில்லை.

ஒட்டன்சத்திரம் பக்கம் ஊரில் அப்பாவிடம் அட்டை இருக்கிறது, அதில் மனைவியைச் சேர்க்க முடியுமா? பேங்கில் வருடா வருடம் 436 ரூபாயும் 20 ரூபாயும் இன்சூரன்ஸ் என்று பிடிக்கிறார்கள், அது ஆஸ்பத்திரிக்கு ஆகாதா? இல்லை, இப்போதே தனியாகப் பாலிசி எடுத்துவிட்டு ஆபரேஷனுக்குப் போகலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல்_கரை

இதற்கா இவ்வளவு யோசனை? வி.ஏ.ஓ.வைப் பார்த்து 72,000 என்று எழுதி வாங்குங்கள். ஊரில் எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். மாடி வீடு, கார் வைத்திருப்பவனிடம்கூட அட்டை இருக்கிறது.

டெஸ்க்_அக்கா

தம்பி, நான் ஒரு தனியார் மருத்துவமனையில் காப்பீட்டு டெஸ்க்கில் இருக்கிறேன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பதெல்லாம் வேண்டாம்.

முதலில் பேங்க் விஷயம். 436 பிடிப்பது ஆயுள் காப்பீடு, 20 பிடிப்பது விபத்துக் காப்பீடு. முதலாவது இறந்தால் 2 லட்சம், இரண்டாவது விபத்தில் இறந்தால் அல்லது ஊனமானால் பணம். ஆஸ்பத்திரி பில்லுக்கு இரண்டிலும் ஒரு ரூபாய் வராது. டெஸ்க்குக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் பாஸ்புக்கை நீட்டி இதைத்தான் கேட்கிறார்கள், பேங்கில் யாரும் அவர்களுக்கு விளக்கிச் சொன்னதில்லை.

அப்பா அட்டை உங்களுக்கு உதவாது. திட்டத்தில் குடும்பம் என்றால் அட்டைக்காரர், அவருடைய மனைவி அல்லது கணவர், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர், பிள்ளைகள். பிள்ளைகள் என்பது வேலைக்குப் போகும் வரை, கல்யாணம் ஆகும் வரை, அல்லது 25 வயது வரை, எது முதலில் வருகிறதோ அதுவரைதான். கல்யாணமான மகன் வெளியே, மருமகளும் வெளியே. உங்கள் பெயரில் அட்டை எடுத்து உங்களைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மாவை அதில் சேர்க்கலாம், அவர் அட்டையில் உங்களைச் சேர்க்க வழியில்லை.

ஆனால் உங்களிடம் அட்டை இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? திட்டத்தின் இணையதளத்தில் ரேஷன் கார்டு எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள், அல்லது 1800 425 3993-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள், கட்டணம் இல்லை. முன்பு எப்போதோ பதிவாகியிருக்கும், கையில் அட்டை மட்டும் வந்திருக்காது, அப்படிப் பல பேரைப் பார்த்திருக்கிறேன். 2011-ல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலில் உங்கள் குடும்பம் இருந்தாலும் மத்திய அரசுத் திட்டத்தின் வழியாக வரலாம், அதற்கு வருமானச் சான்று கேட்க மாட்டார்கள்.

அப்புறம் முக்கியமானது. இந்த ஆபரேஷனுக்கு அட்டையே தேவையில்லை. அரசு மருத்துவமனைக்குப் போங்கள். திருப்பூரில் 2022-லிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது, இல்லையென்றால் கோவை ஜி.எச். இருக்கிறது. பித்தப்பையை எடுப்பது அங்கே வழக்கமாக நடக்கிற ஆபரேஷன். அங்கேயும் அட்டை இருக்கிறதா என்று கேட்பார்கள், பயந்துவிடாதீர்கள். அட்டை இருந்தால் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து மருத்துவமனைக்குப் பணம் வரும், அதனால் கேட்கிறார்கள். இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. வரிசை உண்டு, தேதி தள்ளித் தருவார்கள், அதற்குத் தயாராகப் போங்கள். இதற்கு நடுவில் காய்ச்சலோடு வலி வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, வலி மணிக்கணக்கில் விடாமல் இருந்தாலோ தேதிக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

பழைய_ஏஜென்ட்

பாலிசி கேள்விக்கு நான் சொல்கிறேன். இப்போது எடுத்தால் இந்தக் கல்லுக்குப் பணம் வராது. பித்தப்பைக் கல், ஹெர்னியா, கண்புரை மாதிரி ஒரு பட்டியலுக்கு பெரும்பாலான பாலிசிகளில் 2 வருடம் காத்திருப்பு உண்டு, ஏற்கெனவே இருக்கும் நோய் என்றால் 3 வருடம் வரை போகும். ஸ்கேன் தேதி வேறு ரிப்போர்ட்டில் இருக்கிறது. மறைத்து எடுக்கலாம் என்று எந்த ஏஜென்டாவது சொன்னால் அவருக்குக் கமிஷன் மேல் கண், உங்களுக்கு கிளெய்ம் நிராகரிப்புக் கடிதம்தான் மிஞ்சும்.

ஆபரேஷன் முடிந்து கை கொஞ்சம் தேறியபின் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, முன்பு 18 சதவீதம் இருந்தது. ஆனாலும் வாரச் சம்பளக்காரர் வருடத்துக்கு ஒரே தடவையாகப் பிரீமியம் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், இரண்டாவது வருடம் விட்டுவிடுவார்கள், காத்திருந்ததெல்லாம் வீணாகும். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில் நாட்டில் குறைந்தது 30 சதவீதம் பேர், 40 கோடிப் பேர், இப்படி ஏழைத் திட்டத்திலும் வராமல் பாலிசியும் வாங்காமல் நடுவில் நிற்பதாகச் சொன்னார்கள். நீங்கள் அந்த ஆள்தான்.

சங்கத்து_ஆள்

எல்லாரும் மனைவி வேலை பார்க்கும் இடத்தை விட்டுவிட்டீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஒரு இடத்தில் 10 பேர் வேலை பார்த்தால் இ.எஸ்.ஐ. கட்டியே ஆக வேண்டும், ஓனர் இஷ்டம் கிடையாது. ஒரு முறை சட்டத்துக்குள் வந்த இடம், பிறகு ஆள் குறைந்தாலும் உள்ளேதான் இருக்கும். சம்பள உச்சவரம்பு மாதம் 21,000, அது குடும்பத்துக்கு அல்ல, ஒரு ஆளுக்கு. இதைக் கவனியுங்கள். காப்பீட்டு அட்டைக்கு மாதம் 10,000 குடும்பத்துக்கே, இ.எஸ்.ஐ.க்கு 21,000 தனி ஆளுக்கு. தொழிலாளி ஊர் என்றால் நமக்கு வேண்டியது இ.எஸ்.ஐ.தான். சம்பளத்தில் 0.75 சதவீதம் நீங்கள், 3.25 சதவீதம் முதலாளி. 10,000 சம்பளத்துக்கு உங்கள் கையிலிருந்து 75 ரூபாய். அதில் மனைவிக்கும் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வெளிநோயாளி மருந்து மாத்திரையிலிருந்து வைத்தியம், அதோடு ஆபரேஷன் செய்து வீட்டில் படுத்திருக்கும் நாளுக்கு 70 சதவீதம் சம்பளம், வருடத்தில் 91 நாள் வரைக்கும். படுத்த நாளுக்குச் சம்பளம் தருகிற எதுவும் வருடத்துக்கு 5 லட்சம் வரை வைத்தியம் தருகிற அந்த முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் இல்லை. செக்கிங் வேலைக்காரர்கள் நின்றுகொண்டே பார்க்கிற வேலை, ஆபரேஷன் முடிந்து மறுவாரம் போக முடியுமா? அந்தச் சம்பளப் பணத்துக்கு மட்டும் கொஞ்ச காலம் கட்டியிருக்க வேண்டும், இந்த முறைக்கு வராது, அடுத்ததுக்காவது வரும். வைத்தியம் பதிவான நாளிலிருந்தே உண்டு.

ஓனரிடம் நேரடியாகச் சண்டை போட்டால் வேலை போகும், அது தெரியும். இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குப் புகார் எழுதும்போது பெயரை வெளியிட வேண்டாம் என்று எழுதலாம், இல்லையென்றால் சங்கம் மூலமாகப் போங்கள். வார அட்டை, சம்பளக் கவர், ஜிபேயில் வந்த பணம் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

@நொய்யல்_கரை, பொய்ச் சான்று யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. வரம்பு 2022 ஜனவரி வரைக்கும் 72,000-ஆக இருந்தது, மாதம் 6,000. அதை உயர்த்தினார்கள், ஆனாலும் இரண்டு பேர் உழைக்கிற எந்த வீடும் அதற்குள் நிற்காது. எல்லாரும் குறைத்து எழுதி வாங்குவதால் வரம்பு சரியாக இருப்பதாகக் கணக்கு காட்டுகிறது, உண்மையைச் சொல்பவன் மட்டும் வெளியே நிற்கிறான்.

நொய்யல்_கரை

அண்ணா, வலி எடுக்கிறவனிடம் வரம்பு நியாயம் பேசி என்ன ஆகப்போகிறது? பீஸ் ரேட் ஆளுக்கு எது உண்மையான வருமானம் என்று அதிகாரிக்கே தெரியாது.

டெஸ்க்_அக்கா

அதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. ஓடுகிற மாதத்துச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கிச் சொல்லாதீர்கள், தீபாவளி பொங்கலுக்கு ஊருக்குப் போகும் நாட்கள், ஆர்டர் இல்லாத மாதங்கள் எல்லாம் கழித்த உண்மையான தொகையை எழுதுங்கள். அது பொய் இல்லை. அப்படிப் பார்த்தும் 1,20,000-ஐத் தாண்டினால் தாண்டியதுதான்.

ஓவர்லாக்_திருப்பூர்

எல்லாருக்கும் நன்றி. ரேஷன் கார்டு எண் போட்டுப் பார்த்தேன், எதுவும் வரவில்லை. திங்கள்கிழமை ஜி.எச். போகிறோம். அந்த இ.எஸ்.ஐ. விஷயம் மனைவியிடம் சொன்னேன், அங்கே வேலை பார்க்கும் மற்ற அக்காக்களிடம் பேசிப் பார்க்கிறேன் என்றாள். எங்கள் யூனிட்டில் ஒரு பீகார் பையன் இருக்கிறான், அவனுக்கு ஊரில் ஆயுஷ்மான் அட்டை (மத்திய அரசுத் திட்டத்தின் காப்பீட்டு அட்டை) இருக்கிறதாம், இங்கே செல்லுமா என்று கேட்கச் சொன்னான்.

டெஸ்க்_அக்கா

செல்லும். ஆயுஷ்மான் அட்டை திட்டத்தில் சேர்ந்திருக்கும் எந்த மாநிலத்திலும், பட்டியலில் உள்ள மருத்துவமனையில் செல்லும். ஆதாரும் அட்டை எண்ணும் போனில் இருந்தால்கூடப் போதும். வந்ததும் நேராக டாக்டரிடம் போகாமல் முதலில் காப்பீட்டு டெஸ்க்குக்கு வரச் சொல்லுங்கள், அனுமதி வாங்குவதற்கு முன் பணம் கட்டிவிட்டால் திரும்ப வாங்குவது கஷ்டம்.

ஜி.எச்.க்குப் போகும்போது பழைய ஸ்கேன் படம், ரிப்போர்ட், ஆதார், ரேஷன் கார்டு எடுத்துப் போங்கள். காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்கி, அறுவை சிகிச்சைப் பிரிவு என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனை அன்றைக்கே எடுக்கச் சொல்லலாம், அதனால் மனைவியைச் சாப்பிட வைத்துக் கூட்டிப் போகலாமா என்று முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.