ஈ.எஃப் 62 இருந்தும் மூச்சு முட்டியது: என் அனுபவம், உங்கள் அனுபவம்

எனக்கு வயது 64. தஞ்சாவூர் பக்கம். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பி.பி. பதினைந்து வருடமாக, சுகர் பத்து வருடமாக இருக்கிறது. இதயச் செயலிழப்பு என்றால் ஈ.எஃப் (இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்ற எண்) 30, 35 என்று இறங்கியிருக்கும் என்பதுதான் பலரும் கேட்டது. என் எண் 62, அதாவது நார்மல். அதனாலேயே ஒரு வருடம் என் நோயை யாரும் நோய் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் தெரிந்தது கோலம் போடும்போது. குனிந்து புள்ளி வைக்க ஆரம்பித்த அரை நிமிடத்தில் மூச்சு அடைக்கும், நிமிர்ந்தால் சரியாகிவிடும். அப்புறம் மாடிப்படி ஏற முடியவில்லை. அப்புறம் மெட்டி விரலை இறுக்கியது. சாயங்காலம் கணுக்காலை அழுத்தினால் குழி விழும். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தார்கள். "இதயம் நல்லா பம்ப் பண்ணுதும்மா, எடையைக் குறைங்க" என்று சொல்லி வாயு மாத்திரை எழுதினார்கள். வீட்டிலும் அதே பேச்சுதான். ரிப்போர்ட் நார்மல் என்றான பிறகு மூச்சு முட்டுகிறது என்று சொல்லவே எனக்குக் கூச்சமாகிவிட்டது. நோயைவிட அதுதான் வலித்தது.

ஐப்பசியில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தேன். ஜன்னலைத் திறந்தும் காற்று போதவில்லை. அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் என்னைச் சாய்த்துப் படுக்க வைத்து, கழுத்து ரத்தக்குழாயையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என்.டி. புரோ பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனை, இதயத்துக்குச் சுமை ஏறினால் கூடும் எண். அது ஏறியிருந்தது. என் பழைய எக்கோவை வாங்கிப் பார்த்து, இடது மேலறை பெரிதாகியிருப்பதைக் காட்டினார். அதே தாளில் ஒரு வருடமாக அச்சாகிக் கிடந்த வரிதான் அது. எல்லோர் கண்ணும் 62-இலேயே நின்றுவிட்டது.

அவர் விளக்கியதை என் மகளுக்கு இப்படிச் சொன்னேன்: கொல்லன் பட்டறைத் துருத்தியின் தோல் விறைத்துப்போனால் அமுக்கும்போது காற்று வரும், ஆனால் விரிந்து காற்றை உள்ளே இழுக்கச் சிரமப்படும். என் இதயமும் நன்றாகச் சுருங்குகிறது, தளரத்தான் மாட்டேன் என்கிறது. ஈ.எஃப் என்பது நிரம்பியதில் எத்தனை பங்கு வெளியே போகிறது என்ற கணக்குதான். 100 மில்லி நிரம்பி 60 போனாலும் அறுபது சதவீதம், 70 நிரம்பி 42 போனாலும் அறுபது சதவீதம். விறைத்த அறைக்குள் ரத்தம் போக அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் பின்னால் நுரையீரலில் போய் நீராகத் தேங்குகிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வகைதானாம். பி.பி., சுகர், உடல் பருமன் உள்ள வயதான பெண்களிடம் அதிகம்.

நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃப்யூரோசமைடு ஊசி போட்டு நான்கு நாளில் ஐந்து கிலோ இறங்கியது. அத்தனையும் நீர். இப்போது தினமும் டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறேன். சுகர் மாத்திரைதானே என்று அலட்சியமாக இருந்தேன். சுகர் இல்லாத இதய நோயாளிகளுக்கும் அது உதவுகிறது என்று 2022-இல் வெளியான பெரிய ஆய்விலேயே வந்துவிட்டதாம். உங்களுக்கு எப்படி என்று எழுதுங்கள்.

*

கோயம்புத்தூரிலிருந்து ஒரு மகன்:

அம்மா, உங்கள் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு 76 வயது, ஈ.எஃப் 55. இரண்டு வருடம் "விறைத்த இதயம்" என்றே வைத்தியம் நடந்தது. ஆனால் எழுந்து நின்றாலே தலை சுற்றியது, பி.பி. மாத்திரைகளை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டி வந்தது. கடைசியில் ஒரு டாக்டர், "இவருக்குக் கை மரத்துப்போகுமா?" என்று கேட்டார். எட்டு வருடம் முன்பு இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு அழுத்தத்துக்கு ஆபரேஷன் ஆனதைச் சொன்னோம். எக்கோவில் இதயச் சுவர் தடித்திருந்தது, ஈ.சி.ஜி.யிலோ அலைகள் சின்னதாக இருந்தன. ரத்தம், சிறுநீர், அப்புறம் ஒரு அணு ஸ்கேன். டிரான்ஸ்தைரெடின் அமிலாய்டு என்று தெரிந்தது. ஒரு புரதம் இதயத் தசையில் படிந்து விறைக்கச் செய்கிறதாம். இதற்கு வைத்தியமே வேறு. உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஈ.எஃப் நார்மலாக இருந்து, இரண்டு கையிலும் மணிக்கட்டுப் பிரச்சினையும் இருந்திருந்தால் தயவுசெய்து டாக்டரிடம் சொல்லுங்கள். நாங்கள் அதைக் கை சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம்.

*

மதுரையிலிருந்து:

எனக்கும் தஞ்சாவூர் அம்மாவுக்கு வந்த நோய்தான். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு டைக்ளோஃபினாக் ஒரு வாரம் போட்டேன். இரண்டு காலும் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த வகை வலி மாத்திரை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிவிடும் என்று அங்கேதான் சொன்னார்கள். கருவாடும் ஊறுகாயும் விட்டு எட்டு மாதம் ஆகிறது. மோர் மிளகாயை நினைத்தால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

*

சேலத்திலிருந்து ஒரு மகள்:

என் அம்மாவுக்கு ஈ.எஃப் 58. பத்தடி நடந்தால் நின்றுவிடுகிறார். எல்லாம் நார்மல் என்கிறார்கள். டாக்டரிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

*

தஞ்சாவூரிலிருந்து மீண்டும்:

மகளே, சண்டை போட வேண்டாம். எக்கோ தாளில் இடது மேலறை அளவு என்ன என்று கேள். என்.டி. புரோ பி.என்.பி. எடுக்கலாமா என்றும் கேள். அம்மா பருமனாக இருந்தால் அந்த எண் குறைவாகவே காட்டக்கூடும், அதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம். இன்றிலிருந்தே காலையில் பாத்ரூம் போய்வந்ததும், சாப்பிடும் முன் எடை பார்த்து காலண்டரில் எழுதி வை. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் காத்திருக்காமல் போன் பண்ணு என்பதுதான் என் டாக்டர் எனக்குச் சொன்ன கணக்கு. மூச்சு திணறி எழுந்து உட்கார்ந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ நேரே அவசரப் பிரிவுதான். இரவில் அம்மா எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்? ஆறு மாதம் முன்பு எத்தனை? படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்பது அதில் தெரியும். இன்று ராத்திரி கேட்டுவிட்டு எழுது.