ஏபிக் டைமர் அளவீடு ஒவ்வொரு பூட்டிலும் (boot) மாறுகிறது: துவக்க நிரலைப் பார்க்க முடியுமா?

சி மொழியில் எழுதிவரும் 64 பிட் கர்னலில், சில பூட்களில் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. பழைய பிட் (PIT) டைமர் சிப்பை விட்டு, செயலிக்குள்ளேயே இருக்கும் லோக்கல் ஏபிக் (APIC) டைமருக்கு மாறிய பிறகுதான் இது. க்யூஎமு எமுலேட்டரில் எல்லாம் ஒழுங்கு. ஸ்கைலேக் வகை கோர் ஐ5 லேப்டாப்பில் மட்டும் சிக்கல்.

துவக்கம் இப்படி: ஏபிக் பகுப்பான் 16, எல்விடி (டைமரின் இன்டரப்ட்டை அமைக்கும் ரெஜிஸ்டர்) மாஸ்க் செய்த நிலை. பிட் டைமரின் 2ஆம் சேனலில் 11932 ஏற்றுகிறேன் (1193182 ஹெர்ட்ஸில் 10 மில்லிசெகண்ட்). அப்புறம் ஏபிக் ஆரம்ப எண்ணில் முழு 32 பிட் மதிப்பு. ஹெக்ஸ் 61 போர்ட்டின் 5ஆம் பிட் உயரும்வரை சுற்றிக் காத்திருந்து, மிச்ச எண்ணைப் படிக்கிறேன். கெட்ட பூட்டில் கழிந்த எண்ணிக்கை மிக அதிகமாக வருகிறது, அதனால் டிக் தாமதமாகிறது.

இன்டரப்ட்டை அணைத்தே அளக்கிறேன். ரெஜிஸ்டர் பக்கம் கேஷ் இல்லாமல்தான் மேப் ஆகியிருக்கிறது, சுட்டிகள் வாலடைல். பிட் டைமருக்குக் கீழ் பைட், மேல் பைட் என அனுப்பும் வரிசையும் சரி. செயலி விவரம் சொல்லும் சிபியுஐடி கட்டளை (15 ஹெக்ஸ்) கிரிஸ்டல் அதிர்வெண்ணைப் பூஜ்யம் என்கிறது. ஃபர்ம்வேர் தரும் ஏசிபிஐ தகவலில் ஹெச்பெட் (இன்னொரு டைமர்) அட்டவணையே இல்லை.

எஸ்எம்ஐ (ஃபர்ம்வேர் செயலியைத் தன்வசம் எடுக்கும் இன்டரப்ட்) நடுவில் புகுகிறது என்றே நினைக்கிறேன். அதை இன்டரப்ட் அணைப்பு தடுக்காது. ஆனால் அது இரண்டு டைமர்களையும் தொடங்கும் இடைவெளியில் விழுந்தால் எண்ணிக்கை குறையவும் செய்யும். ஆகவே அளவீடுகளில் மிகச் சிறியதை நம்பத் தயக்கமாக இருக்கிறது.

பலமுறை அளந்து நடுமதிப்பை எடுப்பது இங்கே போதுமா, இல்லை துவக்க வரிசையையே மாற்ற வேண்டுமா?