புதுப்பிப்பு: கடைக் கணினியில் ஜிமெயில் ஓடத் தொடங்கிவிட்டது

தெற்கு மாசி வீதியில் மாமாவின் சுங்குடிக் கடைக் கணினியில், தண்டர்பேர்டு (மெயில் பார்க்கும் மென்பொருள்) ஜிமெயில் கடவுச்சொல்லை ஏற்காமல் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். சரியாகிவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கடவுச்சொல்லில் ஒரு கோளாறும் இல்லை. வெறும் கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து வெளி மென்பொருள்கள் நுழைவதை, தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே மாதமே கூகுள் நிறுத்திவிட்டது. கடையில் இருந்தது அதற்கு முன்பு யாரோ போட்டுக் கொடுத்த அமைப்பு. அதில் 'சாதாரண கடவுச்சொல்' என்று இருந்ததை 'ஓஆத்2' (கூகுளின் பக்கத்திலேயே நுழைந்து அனுமதி தரும் முறை) ஆக்கினோம். இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும்: மெயில் உள்ளே வரும் வழியான ஐமேப் (போர்ட், அதாவது இணைப்பு எண், 993), வெளியே போகும் வழியான எஸ்எம்டிபி (போர்ட் 465). இந்த எஸ்எம்டிபி, கணக்குப் பட்டியலின் அடியில் தனியாகக் கிடக்கும். அதை விட்டுவிட்டால் மெயில் வரும், போகாது.

அப்புறமும் கூகுள் நுழைவுப் பக்கம் நகரவில்லை. தண்டர்பேர்டின் தனியுரிமைப் பகுதியில் குக்கீ (இணையதளங்கள் கணினியில் வைக்கும் சிறு குறிப்பு) அனுமதி அணைந்திருந்தது. டிக் போட்டதும் வழிவிட்டது.

ஐமேப்புக்குப் பதில் பாப்3 (மெயிலை அந்தந்தக் கருவியில் தனியாக இறக்கிக்கொள்ளும் முறை) வேண்டாம் என்று பதிலில் சொன்னவர்கள் சொன்னது நியாயம்தான். ஐமேப் மெயிலையும் படித்த குறியையும் கூகுளிடமே வைப்பதால், மாமா கடையில் படித்த ஆர்டர் அத்தையின் போனிலும் படித்ததாகவே தெரிகிறது. ஒரே சேலைக்கு இரண்டு பேரும் பதில் போடும் குழப்பம் இனி இல்லை.