மறுமொழி: ‘சூரிய மரணம்’ பொருந்தவில்லை, ‘உயிரூழி’ என்று ஆளலாமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

சூரியனின் மாற்றத்தால் பூமியில் உயிர்வாழ்வு முடிவதைக் குறிக்க, ஆசிரியை அம்மா தம் மாணவர்களுக்கு எழுதும் கட்டுரைக்காகக் கேட்ட சொல்லுக்கு இதுவரை நான்கு முன்மொழிவுகள் வந்திருக்கின்றன: சூரிய மரணம், கதிரொடுக்கம், மாப்பிரளயம், மாந்த முடிவு. இவற்றை எடைபோடுமுன், கட்டுரையில் அந்தச் சொல் வரும் வரியை மறுபடி பார்த்துவிடுவோம்.

> சூரிய மரணத்தின்போது கடல்கள் வற்றி, மனித குலம் அழியும்.

அம்மா பொறுத்தருள வேண்டும். இந்த வரியில் சொல்லுக்கு முன்னால் காலக்கணக்கே இடறுகிறது. கடல்கள் வற்றும்போது சூரியன் சாகாது, நல்ல திடத்தோடு இருக்கும்.

அதன் நடுவத்தில் நொடிக்கு ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. நான்கு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சேர்ந்து ஒரே ஹீலியம் அணுக்கரு ஆவதால் அங்கே துகள்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்க நடுவம் சுருங்குகிறது. சுருங்கச் சுருங்கச் சூடேறுகிறது. சூடு ஏற ஏற அணுக்கரு இணைவும் விரைவாகிறது. அதனால்தான் பிறந்தபோது இன்றைய ஒளியில் 70 விழுக்காடே வீசிய சூரியன் 457 கோடி ஆண்டுகளில் இந்த அளவுக்கு வந்திருக்கிறது. இனியும் 100 கோடி ஆண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு என்று ஒளி கூடிக்கொண்டேதான் போகும். அடுத்த 10 விழுக்காடே பூமிக்கு அதிகம். கடல்நீர் ஆவியாகி வளிமண்டலத்தின் மேலடுக்குக்கு ஏறும். அங்கே புற ஊதாக் கதிர் அதைப் பிளக்க, ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிவிடும். அதற்குப் பிறகும் சூரியன் 400 கோடி ஆண்டுகள் அளவுக்கு ஹைட்ரஜனை எரித்துக்கொண்டு இயல்பாக இருக்கும்.

கடலுக்கு முன்பே பயிர்கள் போய்விடும் என்பதையும் கட்டுரையில் சேர்க்க வேண்டுகிறேன். வெப்பம் கூடினால் பாறைகள் சிதைவது விரைவாகும். சிதையும் பாறை காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துச் சுண்ணாம்புக் கல்லாக்கிப் பூட்டிவிடும். அந்த வாயு பத்து லட்சத்தில் 150 பங்குக்குக் கீழே போனால் நெல், கோதுமை போன்ற செடிகளால் ஒளிச்சேர்க்கை செய்து பிழைக்க இயலாது. சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு இவற்றின் ஒளிச்சேர்க்கை வேறு வழியில் நடப்பதால் பத்துப் பங்கு அளவு வரை தாக்குப்பிடிக்கும். நெல் முதலில் போகும், கேழ்வரகு கடைசிவரை நிற்கும் என்று சொன்னால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று விளங்கும். எவ்வளவு காலத்தில் என்பதில்தான் கணக்குகள் வேறுபடுகின்றன. 1982-இல் லவ்லாக்கும் விட்ஃபீல்டும் இன்னும் 10 கோடி ஆண்டுதான் என்றார்கள். 1992-இல் கால்டைராவும் காஸ்டிங்கும், தாக்குப்பிடிக்கும் செடிகளையும் கணக்கில் சேர்த்து, 90 கோடி ஆண்டு வரை நீட்டினார்கள்.

ஆக, நமக்குத் தேவையான சொல் சூரியனைப் பற்றியதே அன்று. ஒரு கோளில் உயிர் நிலைத்திருக்கும் கால நீட்சிக்குத்தான் சொல் வேண்டும். அந்த நீட்சியின் முடிவை ‘சூரிய மரணம்’ என்று எழுதினால், படிக்கும் பிள்ளை, கடல் வற்றும் 100 கோடி ஆண்டையும் சூரியன் பெருத்துப் பூமியை விழுங்கும் 760 கோடி ஆண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும்.

> கதிரொடுக்கம் அழகான சொல். ஒடுக்கம் சைவ சித்தாந்தத்திலும் இருக்கிறது.

ஐயா, அழகை மறுக்கவில்லை. சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவே தோற்றம், நிலை, ஒடுக்கம் பற்றித்தான் பேசுகிறது. உலகம் இல்லாமல் போவதில்லை, தன் காரணமாகிய மாயையில் ஒடுங்கி மீண்டும் தோன்றும் என்பது அங்குள்ள கருத்து. சூரியனின் வெளியடுக்குகள் விண்வெளியில் கலந்து, பின்னால் வேறு விண்மீன்களுக்குக் கருப்பொருளாகும் என்பதால் ஐயாவுக்கு இந்தச் சொல் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு இடையூறுகள் உள்ளன. வேதியியல் பாடத்தில் ‘ஒடுக்கம்’ ஆக்சிஜனேற்றத்தின் எதிர்வினை. நம் பிள்ளைகள் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள். ‘கதிர்’ என்பதும் அறிவியல் தமிழில் கதிரியக்கம், கதிர்வீச்சு என்று போய்விட்டது. சூரியன் என்ற பொருள் செய்யுளில்தான் நிற்கிறது. இரண்டும் சேரும்போது, ஏதோ கதிர்வீச்சைக் குறைக்கும் ஒரு முறை என்றுதான் பொருள்படும்.

மாப்பிரளயம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதை முன்மொழிந்த அன்பர் எழுதியது:

> நம் முன்னோர் சொன்னதைத்தானே அறிவியல் இப்போது சொல்கிறது? பிறகு அவர்கள் சொல்லையே எடுத்துக்கொண்டால் என்ன?

விஷ்ணு புராணத்தில் இறைவன் சூரியக் கதிர்களில் புகுந்து உலகத்து நீரையெல்லாம் குடிக்கிறான். அந்தக் கதிர்கள் ஏழு சூரியன்களாகப் பெருகி மூவுலகையும் எரிக்கின்றன. பௌத்தத்தின் அங்குத்தர நிகாயத்தில் ஏழு சூரியன் பற்றிய சூத்திரம் ஒன்று உண்டு. அதில் முதலில் மழை பொய்த்துச் செடிகொடிகள் காய்கின்றன. இரண்டாம் சூரியனில் ஓடைகள் வற்றுகின்றன, மூன்றாவதில் பேராறுகள், நான்காவதில் ஏரிகள், ஐந்தாவதில் கடல்கள். ஆறாவதில் பூமியும் மேருவும் புகைகின்றன, ஏழாவதில் எரிந்துபோகின்றன. செடி, கடல், பூமி என்ற இந்த வரிசை மேலே சொன்ன வரிசையோடு ஒத்திருப்பதைப் படித்தபோது எனக்கும் மெய்சிலிர்த்தது.

ஆனாலும் அந்தச் சூத்திரம் எதற்காகச் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஆக்கப்பட்ட எதுவும் நிலையில்லை, ஆகவே பற்றை விடுங்கள் என்று பிக்குகளுக்குச் சொல்ல வந்த இடம் அது. புராணத்தின் பிரளயத்துக்குப் பின் படைப்பு மீண்டும் தொடங்கும். பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு. அந்த எண் சூரியனின் வயதுக்குப் பக்கத்தில் வருவதை வைத்து எதையும் நிறுவ முடியாது. குர்ஆனின் தக்வீர் அத்தியாயம் சூரியன் சுருட்டப்படும் நாளோடு தொடங்குகிறது. ஒவ்வொருவரும் தாம் கொண்டுவந்தது என்ன என்று அறியும் நாள் அது. விவிலியத்தின் திருவெளிப்பாட்டில் வரும் புதிய நகருக்குச் சூரியனே வேண்டியதில்லை, கடவுளின் மாட்சியே ஒளி. இவை எல்லாவற்றிலும் முடிவுக்கு ஒரு நோக்கம் இருக்கிறது, மனிதனிடம் ஒரு கேள்வியும் இருக்கிறது. கடல் ஆவியாவதில் அப்படி எதுவும் இல்லை. பிரளயம் என்று எழுதினால் அறிவியல் வரிக்குள் இல்லாத நோக்கத்தைப் புகுத்துகிறோம். அந்தச் சொல்லை உயிராகப் போற்றுகிறவர்களிடமிருந்து அதன் உள்ளீட்டையும் பறிக்கிறோம். இரு பக்கத்துக்கும் இது நல்லதன்று. மேலும், தமிழில் பிரளயம் என்றதும் பெருவெள்ளம்தான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு.

உலகின் முடிவை எண்ணி வரும் துயரத்தில் அறிவியலாளர்களுக்குப் பங்கில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1862-இல் இயற்பியலாளர் கெல்வின், சூரியனின் வெப்பம் இன்னும் பல பத்து லட்சம் ஆண்டுகளுக்குப் பூமியில் வாழ்வோருக்குக் கிடைத்துக்கொண்டிருக்காது என்று எழுதினார், நாம் அறியாத வேறு மூலம் இருந்தாலன்றி. இத்தனை நீண்ட வளர்ச்சிக்குப் பிறகு உணர்வுள்ள உயிர்கள் எல்லாம் அற்றுப்போகும் என்பது தாங்க முடியாத எண்ணம் என்று டார்வின் தம் தன்வரலாற்றில் குறித்துவைத்தார். ஆன்மா அழியாதது என்று முழுமையாக ஏற்பவர்களுக்கு உலகின் அழிவு இத்தனை கொடியதாகத் தோன்றாது என்றும் அங்கேயே சேர்த்தார். அவர் அஞ்சியது குளிரை. 1920-இல் எடிங்டன் சூரியனின் ஆற்றல் ஹைட்ரஜன் ஹீலியமாவதில் இருக்கலாம் என்று சொன்னார், 1939-இல் பெத்தே அந்த வினைகளை வகுத்துக் காட்டினார்; கெல்வின் விட்டுவைத்த அந்த அறியாத மூலம் கிடைத்தது. காலம் கோடிகளில் நீண்டது, குளிரின் இடத்தில் வெப்பம் வந்தது. டார்வின் காலத்தில் இதற்குத் தமிழில் ஒரு சொல் ஆக்கியிருந்தால் ‘குளிர்’ என்று அதில் வைத்துத் தைத்திருப்போம், பிறகு கிழித்திருப்போம். காரணத்தைச் சொல்லுக்குள் வைக்காதிருப்பதே நல்லது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

‘மாந்த முடிவு’ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நம் இனம் தோன்றி 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. பேச்சோ 100 கோடி ஆண்டுகளைப் பற்றியது. நாம் அதற்கு வெகு முன்பே போகலாம், அல்லது வேறு இடம் பெயர்ந்து பிழைக்கலாம். பெரிய விண்பாறைகளைச் சில ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை பூமியை ஒட்டிச் செலுத்தி, பூமியின் சுற்றுப்பாதையையே மெல்ல விரிக்கலாம் என்று 2001-இல் கோரிகான்ஸ்கி, லாஃப்லின், ஆடம்ஸ் மூவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள். அப்படி நடந்தால் சூரியன் அதுவாகவே இருக்க, பூமியின் காலம் மட்டும் நீளும். மனிதனின் விதியையும் கோளின் காலத்தையும் சொல் அளவிலேயே பிரித்துவைத்தால்தான் இதையெல்லாம் தெளிவாக எழுத முடியும்.

என் முன்மொழிவு: உயிரூழி.

ஒரு கோளில் உயிர் தோன்றியது முதல் கடைசி உயிர் மறைவது வரையிலான காலம். புவியின் உயிரூழி குறைந்தது 350 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. செடிகளையும் கடலையும் கொண்டு கணக்கிட்டால் இன்னும் 100 கோடி ஆண்டு அளவில் முடியும். முக்கால் பங்குக்கு மேல் கழிந்துவிட்டது என்று அப்போது ஒரே வரியில் சொல்லலாம்.

ஊழி என்றாலே அழிவுதானே என்று கேட்பீர்கள். ஊழித்தீ, ஊழிக்கூத்து என்ற தொடர்களால் வந்த பழக்கம் அது. ‘ஊழி பெயரினும் தாம்பெயரார்’ என்ற குறளில் பெயர்வது ஒரு காலம். பரிபாடலின் இரண்டாம் பாட்டு வானம், காற்று, தீ, நீர், நிலம் என ஒவ்வொன்றும் தோன்றி நின்ற ஊழிகளை அடுக்கிச் செல்கிறது. நிலவியலில் தொல்லுயிரூழி, இடையுயிரூழி என்று எழுதும் வழக்கம் முன்பே இருக்கிறது. அவற்றையெல்லாம் உள்ளடக்கும் பெருங்காலத்துக்கு உயிரூழி என்பது அந்த வரிசையிலேயே பொருந்தி நிற்கும். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘உயிரூழி, அதாவது உயிர் நிலைத்திருக்கும் காலம்’ என்று எழுதிவிடலாம்.

‘வாழ்தகு காலம்’ போதாதா என்று தனிமடலில் கேட்ட தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அதுவும் வேண்டும், ஆனால் வேறு பொருளில். வாழ்தகு வலயம் நீர் நீராகவே நிற்கக்கூடிய இடம். வாழ்தகு காலம் நீர் அப்படி நிற்கக்கூடிய காலம். செவ்வாயில் ஒருகாலத்தில் ஆறுகள் ஓடிய தடங்கள் உள்ளன, ஆகவே அதற்கு வாழ்தகு காலம் இருந்தது என்று எழுதலாம். அங்கே உயிர் இருந்ததென்று தெரியும்வரை உயிரூழி என்று எழுதக் கூடாது.

சூரியனின் பிற்காலத்துக்கான சொற்களில் பெரிய சிக்கல் இல்லை. முதுமையில் பெருத்துச் சிவக்கும் விண்மீனுக்குச் சிவப்பு அரக்கனைவிடச் செம்பெருமீன் மேல். கடைசியில் எஞ்சும் சிறு விண்மீனுக்கு வெள்ளைக் குள்ளனைவிட வெண்குறுமீன் மேல். விண்மீனை அரக்கன், குள்ளன் என்பது எனக்கு ஒப்பவில்லை, உருவத்தை வைத்து ஆட்களை அழைக்கும் வழக்கத்தைப் பாடநூலில் வளர்க்க வேண்டாம். சூரியன் செம்பெருமீனாகி 760 கோடி ஆண்டு அளவில் இன்றையதைப்போல் 250 மடங்குக்கு மேல் ஆரம் விரிந்து நிற்கும், பூமியை விழுங்கிவிடும் என்பது 2008-இல் ஷ்ரோடரும் ஸ்மித்தும் செய்த கணக்கு. இறுதியில் பூமியளவுள்ள வெண்குறுமீனாக எஞ்சும். அதற்கு மேல் அது ஏன் நொறுங்காது என்பதற்கு விடை, 1930-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்துக் கப்பலேறிய சந்திரசேகர் கண்ட எல்லையில் இருக்கிறது. எஞ்சும் பொருளின் நிறை இன்றைய சூரியனின் நிறையைப்போல் 1.4 மடங்கைத் தாண்டினால்தான் நொறுங்கும். நம் சூரியன் அதற்கு எட்டாது. இந்தப் பத்தியைக் கட்டுரையில் ஆசிரியை அம்மா கட்டாயம் சேர்க்க வேண்டும்.

வெளியே உதிரும் ஒளிரும் வளிமத்துக்குக் ‘கோள் நெபுலா’ என்று எழுதுகிறோம். தொலைநோக்கியில் கோள்போல் வட்டமாகத் தெரிந்ததால் வானியலாளர் ஹெர்ஷல் இட்ட பெயர் அது. கோளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘உதிர்முகில்’ என்று வைக்கலாமா? இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

அம்மாவின் வரியை இப்படி மாற்றிப் பார்த்தேன்:

> சூரியன் மெல்ல மெல்ல ஒளி கூடிவருவதால், அது செம்பெருமீனாவதற்கு வெகு முன்பே புவியின் உயிரூழி முடிந்துவிடும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது கடினமா என்பதை வகுப்பில் படித்துக்காட்டிவிட்டு அம்மாதான் சொல்ல வேண்டும். ‘உயிரூழி’யை ஏற்காதவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். செம்பெருமீனின் நடுவத்தில் ஹீலியம் சட்டென்று பற்றிக்கொள்ளும் நிகழ்வுக்கு இன்னும் யாரும் சொல் தரவில்லை, அதையும் இந்த இழையிலேயே பேசிவிடலாம்.

அன்புடன்.