புதுப்பிப்பு: சிஸ்எம்எல் மாதிரியிலிருந்து உற்பத்தி உருவகப்படுத்தலுக்கு

அமைப்புகளை வரைபடங்களால் விவரிக்கும் மொழியான சிஸ்எம்எல்லில் வரைந்த உற்பத்திச் செயல்பாட்டு வரைபடத்தைத் தனிநிகழ்வு உருவகப்படுத்தலாக (நிகழ்வுக்கு நிகழ்வு தாவிக் கணினியில் இயக்கிப் பார்ப்பதாக) மாற்றியபோது, உள்ளே சென்றதைவிட இருமடங்கு பாகங்கள் வெளிவருவதாக முன்பு எழுதியிருந்தேன், காரணம் பிடிபட்டுவிட்டது. வரைபடத்தின் கிளைப்புக் கணு, வந்து சேரும் டோக்கனை (ஓட்டத்தில் நகரும் அடையாளக் குறியை) ஒவ்வொரு கிளைக்கும் நகலெடுத்து அனுப்பும் என்பது அந்த மொழியின் விதி. என் மாற்றி நிரலோ அந்த நகல்கள் ஒவ்வொன்றையும் தனிப் பாகமாக எண்ணியதால், துளையிடலுக்கு ஒன்றும் அளவுச் சோதனைப் பதிவுக்கு ஒன்றுமாக ஒரே வார்ப்பு இரண்டாகிவிட்டது. இப்போது பொருள் ஓட்டத்தில் வருவதை மட்டும் பாகமாகவும், கட்டுப்பாட்டு ஓட்டத்தில் வருவதை வெறும் சைகையாகவும் பிரித்திருக்கிறேன், எண்ணிக்கை பொருந்துகிறது.

இயந்திரத் திறனையும் பழுது இடைவெளியையும் ஸ்டீரியோடைப் (மாதிரியின் கூறுகளுக்குக் கூடுதல் பண்புகள் சேர்க்கும் குறி) வழியே சேர்க்கச் சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி. சராசரி நேரத்தை மட்டும் கொடுத்தால் காத்திருப்பு வரிசை உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும் என்பதால், நேரப் பரவலையும் அங்கேயே குறிக்கிறேன்.