சிப்பிக்காளான்: பயிற்சிக்குப் பிறகு போடும் முதல் படுக்கைகள் ஏன் கெடுகின்றன? அனுபவப் பகிர்வு

கோவை உறுப்பினர்:
பயிற்சியில் பெரும்பாலும் வைக்கோலை அவித்து, பதம் பார்த்துத் தயாராக வைத்திருப்பார்கள். அதைப் பிளாஸ்டிக் பையில் அடுக்கிக் காளான் விதை (காளான் பூசணம் வளர்ந்த தானிய மணிகள்) தூவ மட்டும்தான் கை பழகும். அந்தப் பைதான் படுக்கை. வீட்டில் சறுக்குவது அதற்கு முந்தைய வேலையில்தான். மழையில் நனையாத புது வைக்கோலை 5 செ.மீ. துண்டாக நறுக்கி, 4-5 மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். வைக்கோலைப் போட்டதும் கொதி அடங்கிவிடும். மறுபடி கொதி வந்த பிறகுதான் நேரக் கணக்கு. மேலே மிதப்பது வேகாது, கல் வைத்து அமுக்கணும். பிறகு சுத்தமான தார்ப்பாயில் உலர்த்துங்கள். ஒரு கைப்பிடியை இறுக்கிப் பிழிந்தால் சொட்டு விழக்கூடாது, உள்ளங்கையில் ஈரம் மட்டும் ஒட்டணும். 60-65 சதவீத ஈரம் என்பது அதுதான்.

திருச்சி உறுப்பினர்:
சார் சொன்ன பதம்தான் உயிர்நாடி. இன்னொன்று: கெட்ட பையை உடனே தூக்கி எறியாதீங்க, முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. பச்சைப் பூசணம் பை முழுக்கத் திட்டுத் திட்டாக இருந்தால் வைக்கோல் சரியாக வேகவில்லை. விதை மணிகளைச் சுற்றி மட்டும் பச்சை என்றால் விதையைச் சந்தேகப்படணும். அடியில் தண்ணீர் தேங்கி நாற்றமடித்தால் ஈரம் கூடிப்போச்சு. பையில் காற்றுக்காகப் போட்ட துளை ஓரத்தில் மட்டும் பச்சை வந்தால் கை, துளை போட்ட ஊசி, அறை மூன்றின் சுத்தத்தையும் பாருங்க. குடை மாதிரி விரிந்து கறுப்பு மையாகக் கரையும் காளான் முளைத்தால் பழைய வைக்கோல், அரைவேக்காடு, கூடுதல் ஈரம் இவற்றில் ஒன்று. பார்த்து முடித்ததும் பையைப் பிரிக்காமலே கொட்டகைக்கு வெளியே தூரமாகக் கொண்டுபோய்ப் புதைச்சிடுங்க. உள்ளே பிரித்தால் பூசண வித்து நல்ல பைக்கும் பரவிடும்.

தேனி உறுப்பினர்:
ஒவ்வொரு பையிலும் தேதி, விதை வாங்கிய நாள், அவித்த நேரம் எழுதி ஒட்டுங்க. இது இல்லாமல் திருச்சி அண்ணன் சொன்ன சோதனை பாதிதான் பலன் தரும். முதல் தடவை பத்துப் பை போதும். அடுத்த தடவை ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க. அவிக்கும் நேரம், விதை இரண்டையும் சேர்த்து மாத்தினால் எது காப்பாத்துச்சுன்னு தெரியாது.

தஞ்சை உறுப்பினர்:
பைக்குள் வெள்ளைப் பூசண இழை நன்றாகப் பரவியும் (25-28 டிகிரியில் 15-20 நாள்) காளான் சரியாக வராவிட்டால் அறையைப் பாருங்கள். காம்பு நீண்டு குடை சிறுத்தால் காற்றோட்டமும் வெளிச்சமும் பத்தவில்லை. மொட்டு மஞ்சளாகிக் காய்ந்தால் அறை ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே போயிருக்கும். அப்போது தரையையும் தொங்கவிட்ட சாக்கையும் நனையுங்கள். மொட்டின் மேல் நேரடியாகத் தண்ணீர் பீய்ச்சினால் அழுகிவிடும். குடை ஓரம் மேல்நோக்கி மடங்குவதற்குள் பறித்துவிடணும். தாமதித்தால் வித்துத்தூள் பறந்து இருமல் வரும், அதனால் பறிக்கும்போது முகக்கவசம் அவசியம்.