மாடித் தொட்டியும் கார்த்தியின் ஆல்பைனும்

குழு: நம்ம பில்டிங், முருகேஷ்பாளையா
சனிக்கிழமை

காலை 9:12
செல்வி அக்கா: கார்த்தி, மாடித் தொட்டிக்கு மீட்டர் மாட்டுவதாகச் சொன்னாயே, என்ன ஆச்சு? நேற்று ராத்திரியும் வழிந்து படிக்கட்டெல்லாம் ஈரம். காசு கொடுத்து வாங்கிய டேங்கர் தண்ணீர்டா.

9:20
கார்த்தி: சாரி அக்கா. சென்சார் தயார். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஈஎஸ்பி32 போர்டில் (சென்சாரைப் படிக்கும் குட்டிக் கணினி) புரோகிராம் ஏற்ற முடியாமல்தான் நிற்கிறேன். லேப்டாப்பில் விண்டோஸ், அதற்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லில் ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸ். போர்டைச் செருகினால் விண்டோஸுக்குத் தெரிகிறது, ஆல்பைனுக்குத் தெரியவில்லை.

9:22
நடராஜன் மாமா: உபுண்டு லினக்ஸ் போடச் சொன்னேன், கேட்டாயா? ஊரில் யாரும் போடாததைப் போடுவது, அப்புறம் குழுவில் வந்து புலம்புவது.

9:23
கார்த்தி: டிஸ்கில் இடமில்லை மாமா. ஆல்பைன் சில எம்பிதான்.

9:31
முரளி அண்ணா: ஆல்பைன் மேல் பழி போடாதீர்கள் மாமா. டபிள்யூஎஸ்எல் 2 ஒரு குட்டி மெய்நிகர் கணினி. செருகிய யூஎஸ்பி விண்டோஸின் கையில்தான் இருக்கும், தானாக உள்ளே போகாது. உபுண்டுவாக இருந்தாலும் இதே கதைதான். கார்த்தி, யூஎஸ்பியை உள்ளே அனுப்பும் யூஎஸ்பிஐபிடி-வின் போட்டாயா?

9:33
கார்த்தி: போட்டேன் அண்ணா. ஆனால் நான் படித்த குறிப்பில், லினக்ஸ் பக்கம் ஏபிடி மூலம் லினக்ஸ்-டூல்ஸ் நிறுவச் சொல்கிறார்கள். ஆல்பைனில் மென்பொருள் நிறுவுவது ஏபிகே-தானே, ஏபிடி ஏது? அங்கேயே நின்றுவிட்டேன்.

9:38
முரளி அண்ணா: அது யூஎஸ்பிஐபிடி-வின் பதிப்பு 4 வருவதற்கு முன் எழுதியது. இப்போது லினக்ஸ் பக்கம் வேண்டியதை அதுவே கொண்டு வரும், நீ ஒன்றும் நிறுவ வேண்டாம். கட்டளையும் மாறிவிட்டது. முன்பு ‘டபிள்யூஎஸ்எல் அட்டாச்’, இப்போது ‘அட்டாச் --டபிள்யூஎஸ்எல்’. முதலில் லிஸ்ட் போட்டு போர்டின் பஸ்ஐடி (எந்தத் துளை என்று காட்டும் எண்) பார். அப்புறம் அட்மினாக பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளை ஜன்னல்) திறந்து பைண்ட், அப்புறம் அட்டாச். ஆல்பைன் ஜன்னல் ஒன்று திறந்தே இருக்கட்டும்.

9:40
செல்வி அக்கா: பைண்ட், அட்டாச், இரண்டும் ஒன்றுதானே?

9:42
முரளி அண்ணா: இல்லை அக்கா. பைண்ட் என்பது நிச்சயதார்த்தம், ஒருமுறை செய்தால் போதும், கணினியை அணைத்துப் போட்டாலும் நிலைத்து நிற்கும். அட்டாச்தான் புகுந்த வீட்டுக்கு அனுப்புவது. கேபிளைப் பிடுங்கினால் திரும்பவும் அனுப்ப வேண்டும். அங்கே இருக்கும்வரை விண்டோஸால் அதைத் தொட முடியாது.

9:43
செல்வி அக்கா: பிறந்த வீட்டுக்கு உரிமையே இல்லையா? நல்ல சம்பந்தம்.

10:05
கார்த்தி: லிஸ்டில் 2-3 என்று வருகிறது, பக்கத்தில் சிலிக்கான் லேப்ஸ் சிபி210எக்ஸ், அது போர்டின் யூஎஸ்பி சிப். பைண்ட் ஆகிவிட்டது. அட்டாச் போட்டால் அப்படியே நிற்கிறது.
[ஸ்கிரீன்ஷாட்]

10:09
முரளி அண்ணா: நீ அனுப்பிய படத்தை நீயே படித்தாயா? மஞ்சள் வரியில் ஃபயர்வால் தடுக்கிறது, டிசிபி 3240 என்ற நெட்வொர்க் வாசலைத் திறந்துவிடு என்று அதுவே சொல்கிறது. யூஎஸ்பி தகவல் நெட்வொர்க் வழியாகத்தான் உள்ளே போகிறது. உன் ஆன்டிவைரஸுக்குத் தனி ஃபயர்வால் இருக்கிறதா?

10:11
கார்த்தி: இருக்கிறது 🙈 அப்பா வாங்கிப் போட்டது.

10:26
கார்த்தி: டபிள்யூஎஸ்எல்லில் இருந்து வருவதற்கு மட்டும் 3240ஐ அனுமதித்தேன். வந்துவிட்டது!! டிடிஒய்யூஎஸ்பி0 (ஆல்பைனில் போர்டுக்கான போர்ட்) தெரிகிறது!

10:31
கார்த்தி: ஆனால் ஏற்றப் போனால் ‘பெர்மிஷன் டினைட்’. வழக்கமாக அந்த உரிமை தரும் டயல்அவுட் குழுவில் என்னைச் சேர்த்துப் பார்த்தேன், பயனில்லை.

10:40
முரளி அண்ணா: இதுதான் நிஜமாகவே ஆல்பைன் விவகாரம். உபுண்டுவில் யூடெவ் என்று ஒன்று பின்னால் ஓடும், புதிதாக வரும் போர்ட்டை டயல்அவுட் குழுவுக்கு எழுதி வைக்கும். உன் குட்டி ஆல்பைனில் அது ஓடாது, அதனால் போர்ட் ரூட் என்ற தலைமைப் பயனருக்கு மட்டுமே சொந்தம். நீ குழுவில் சேர்ந்து என்ன, போர்ட் சேரவில்லையே. ரூட்டாக நுழைந்து அதன் குழுவை டயல்அவுட் என்று மாற்று, சிஹெச்மோட் 660 போட்டு குழுவுக்கும் அனுமதி கொடு. ஒவ்வொரு அட்டாச்சுக்குப் பிறகும் செய்ய வேண்டியிருக்கும்.

10:41
நடராஜன் மாமா: ஆக நான் சொன்னதில் பாதி சரி.

10:42
முரளி அண்ணா: கால் பங்கு மாமா.

11:03
கார்த்தி: ஏறிவிட்டது! போர்டில் மைக்ரோபைதான் (குட்டிக் கணினிக்கான பைதான் மொழி) ஓடுகிறது. ஒரு தடவை கேபிளை வேறு துளையில் செருகினேன், பஸ்ஐடி 2-1 ஆகிவிட்டது. இனி ஒரே துளைதான்.

11:06
நடராஜன் மாமா: ஒரு சந்தேகம். விண்டோஸிலேயே பைதான் போட்டு நேராக ஏற்றியிருக்கலாமே?

11:15
கார்த்தி: ஏற்றியிருக்கலாம் மாமா.

11:16
நடராஜன் மாமா: 😐

11:18
செல்வி அக்கா: சாயங்காலம் 5 மணிக்கு டேங்கர். அதற்குள் மேலே போய் மாட்டு. மாடிச் சாவி என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள். அப்படியே படிக்கட்டையும் துடைத்துவிடு.